குளிரில் விறைக்காத றப்பர்: சார்ள்ஸ் குட்இயரின் வாழ்க்கை

ஒருவருடைய பெயர் உலகெங்கும் பரந்திருக்க, அப்பெயருக்கு உரியவருடைய வாழ்க்கையை எவரும் அறியாதிருப்பது வரலாற்றிலே புதுமையன்று. வீதியில் விரையும் மோட்டார் வண்டிகளின் சக்கரங்களிலே குட்இயர் என்ற பெயர் பொறிக்கப்பட்டிருப்பதை நாம் காண்கின்றோம். அஃது ஒரு வியாபாரத் தாபனத்தின் பெயர் என்பதற்கு அப்பால் நம்மிற் பெரும்பாலோர் எண்ணுவதில்லை. அத்தாபனம் 1898 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் அக்ரன் நகரிலே பிராங்க் சைபர்லிங் என்பவரால் தொடங்கப்பெற்றது. அப்பொழுது சார்ள்ஸ் குட்இயர் மறைந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. அவருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ அத்தாபனத்தோடு எவ்விதத் தொடர்பும் இருந்ததில்லை. அன்னாரின் பெயரை மட்டும் மரியாதையின் பொருட்டு எடுத்துச் சூட்டிக்கொண்டனர். கடனிலே வாழ்ந்து கடனோடு இறந்த ஒருவருக்கு உலகம் செய்த கைம்மாறு அதுவேயாகும்.

இவரைப் பற்றி நான் விரிவாகப் படிக்க நேர்ந்தது ஒரு கடிதத்தினால். ஜேர்மனியில் வாழும் என் பெறாமகன் ஒருவன் மிக்க வேகமுடைய கார் ஒன்றை வாங்கினான். கோடைகாலம் முழுவதும் அதன் விரைவையும், வளைவுகளிலே வழுவாது செல்லும் உறுதியையும் புகழ்ந்து எழுதியவன், குளிர் தொடங்கியதும் வேறொரு கதையை எழுதினான். உறைபனி படிந்த ஒரு காலைப்பொழுதில், தன் வீட்டு ஒழுங்கையின் சிறு சரிவிலே, ஆள் நடக்கும் வேகத்திற் சென்ற கார், பிறேக்கை மிதித்தும் நில்லாமல், எண்ணெய் பூசிய பலகையில் வழுக்குவதுபோல வழுக்கிச் சென்றதாம். நல்லவேளையாக எதிரே எவரும் வரவில்லை. இத்தகைய காருக்கு ஏற்ற குளிர்காலத்து டயரை எவ்வாறு தெரிவு செய்வது என்று அறியாமல் திகைப்பதாகவும், பெரியப்பாவாகிய நான் இவை பற்றிப் படித்து எழுதவேண்டும் என்றும் கேட்டிருந்தான்.

பனிக்கட்டியைக் குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே கண்டறியாத எனக்கு இது விந்தையான வேண்டுகோளாகவே தோன்றிற்று. ஆயினும் தேடிப் படித்தேன். எந்த வழியாகச் சென்றாலும் அவ்வழி முடிவில் என்னை இந்த மனிதரிடமே கொண்டுவந்து விட்டது. குளிர்காலத்து டயர் என்பது, குட்இயர் தொடங்கிவைத்த ஒரு போராட்டத்தின் பிற்பகுதியே என்பது தெளிவாயிற்று. ஆகையால் முதலில் அவர் கதையைச் சொல்கின்றேன். டயரின் செய்தி அதனுள்ளே தானாக வந்து சேரும்.

இரும்புக் கடையும் கடன்காரர் சிறையும்

சார்ள்ஸ் குட்இயர் 1800 ஆம் ஆண்டு டிசெம்பர் 29 ஆம் நாள், கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் அமாசா குட்இயர் பொத்தான்களும் கமத்தொழிற் கருவிகளும் செய்து விற்றவர். மைந்தரும் அத்தொழிலையே கற்றார். 1824 இல் கிளாரிசா பீச்சர் என்னும் நங்கையை மணந்தார். 1826 இல் பிலடெல்பியா நகருக்குச் சென்று இரும்புச் சாமான் கடையொன்றைத் திறந்தார். சிறிது காலம் வியாபாரம் செழித்தது. கடனுக்குக் கொடுத்த சரக்கின் பணம் வந்து சேரவில்லை. 1830 அளவிலே கடை முறிந்தது.

கடனை இறுக்க முடியாதவரைச் சிறையில் அடைப்பது அக்காலத்து வழக்கு. குட்இயர் தம் முப்பதாம் வயதளவில் முதன்முறையாகச் சிறை புகுந்தார். அது முடிவன்று. அதற்குப் பின்னர் எத்தனை முறை அவர் அவ்வாயிலினுட் சென்று மீண்டார் என்று எண்ணுவதே கடினம்.

1834 ஆம் ஆண்டில் அவர் நியூயோர்க் நகருக்குச் சென்றிருந்தபோது, றொக்ஸ்பெரி என்னும் ஊரிலிருந்த ஒரு றப்பர்க் கம்பனியின் கடையிலே, நீரில் மிதக்க உதவும் காற்றுப்பை ஒன்றைக் கண்டார். அதிலே காற்றை உட்செலுத்தி அடைக்கும் வால்வு செம்மையாக இல்லை என்பது அவருடைய தொழிற்கண்ணுக்குப் புலனாயிற்று. திருந்திய வால்வு ஒன்றைச் செய்துகொண்டு மீண்டும் அக்கடைக்குப் போனார். கடையின் முகவர் அதனைப் பார்த்து வியந்தார். ஆனால் வாங்கவில்லை. வால்வைத் திருத்துவதால் ஆவது ஒன்றுமில்லை என்றும், திருத்த வேண்டியது றப்பரையே என்றும் உண்மையை ஒளியாது கூறினார். அந்த ஒரு பேச்சு குட்இயரின் எஞ்சிய இருபத்தாறு ஆண்டுகளையும் விழுங்கிவிட்டது.

இரு பருவங்களுக்கு ஆகாத பொருள்

முகவர் சொன்னது என்ன? தென்னமெரிக்கக் காட்டு மரங்களின் பாலிலிருந்து பெறப்படும் றப்பர், நீரை உட்புக விடாத அருமையான பொருள் என்று 1830 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கர் கண்டனர். சப்பாத்துகளும் மழையங்கிகளும் செய்யப் பல கம்பனிகள் எழுந்தன. பங்குகளை மக்கள் போட்டியிட்டு வாங்கினர். ஆனால் கோடை வந்தபோது அச்சப்பாத்துகள் உருகிப் பசையாகித் துர்நாற்றம் வீசின. குளிர்காலம் வந்தபோது அதே பொருள்கள் மரப்பட்டைபோல விறைத்து வெடித்தன. வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து கொட்டிய சரக்கின் நாற்றந் தாங்காமல், கம்பனிக்காரர் அவற்றைக் குழி தோண்டிப் புதைத்தனர் என்று சொல்வர். ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பனிகள் வீழ்ந்தன.

வெப்பத்தில் உருகுவதும் குளிரில் விறைப்பதும் ஒரே பொருளின் இரு குறைகள். இவை இரண்டையும் ஒருங்கே நீக்குவதற்கு வழியில்லை என்று அறிந்தோர் அனைவரும் கைவிட்ட வேளையிலேதான், இரசாயனம் கற்றறியாத, கையிற் காசும் இல்லாத ஒரு முறிந்த கடைக்காரர் அவ்வேலையைத் தம் தலைமேல் எடுத்துக்கொண்டார்.

அவருடைய முதற் சோதனைகள் பிலடெல்பியாச் சிறையிலே நிகழ்ந்தன. அடுக்களையில் மாவை உருட்டும் கட்டையும் சிறிது றப்பருமே அவருடைய ஆய்வுகூடம். வெளியே வந்தபின் மக்னீசியா என்னும் வெண்தூளைக் கலந்து பிசைந்தார். பசைத்தன்மை குறைந்தது. நூற்றுக்கணக்கான சப்பாத்துகள் வீட்டிலேயே செய்யப்பட்டன. மனைவியும் பிள்ளைகளும் உதவினர். கோடை வந்தது. சப்பாத்துகள் உருகின. பின் சுண்ணாம்பைக் கலந்து கொதிக்கவைத்தார். அது வெற்றி என்று பலர் புகழ்ந்தனர். ஒரு துளி புளித்த பழச்சாறு பட்டாலும் அது பழையபடி பசையாகிவிடுவதைத் தாமே கண்டு தாமே சொன்னார்.

அடுத்து, நைத்திரிக் அமிலத்தைப் பூசினால் றப்பரின் மேற்புறம் வழுவழுப்பாகும் என்று தற்செயலாகக் கண்டார். அமிலப் புகை ஒருமுறை அவர் உயிரையே கொள்ள வந்தது. 1837 இல் அமெரிக்காவின் வங்கிகள் நிலைகுலைந்தபோது, அவருக்குப் பணமுதவ முன்வந்தவரும் அழிந்தார். குடும்பம் ஸ்ரேற்றன் தீவிலே, கைவிடப்பட்ட ஒரு றப்பர்த் தொழிற்சாலையில் ஒதுங்கி, கடலிற் பிடித்த மீனை உண்டு காலங்கழித்தது. இவரோ றப்பரால் ஆன அங்கியும் தொப்பியும் அணிந்து வீதிகளில் உலாவினார். அவருடைய பணப்பையும் றப்பரே, அதனுள்ளே பணந்தான் இல்லை என்று ஊரார் எள்ளி நகைத்தனராம்.

மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூபேர்ண் என்னும் ஊரில் நதானியேல் ஹேவார்ட் என்ற தொழிலாளியை அவர் சந்தித்தார். றப்பரிலே கந்தகத்தூளைத் தூவி வெயிலிற் காயவைத்தால் அது பசையற்று உறுதியாகும் என்று ஹேவார்ட் கண்டிருந்தார். அம்முறையின் உரிமையைக் குட்இயர் வாங்கினார். அரசாங்கத்தின் அஞ்சற் பகுதி நூற்றைம்பது தபாற்பைகளைச் செய்து தரும்படி அவரைக் கேட்டது. பைகள் அழகாக அமைந்தன. அவற்றை ஒரு வெப்பமான அறையிலே வைத்துவிட்டுச் சிறிது காலம் வெளியூர் சென்று திரும்பியபோது, பைகள் பசையாகி, பிடிகள் கழன்று தொங்கின. மேற்புறந்தான் மாறியதேயன்றி உட்புறம் மாறவில்லை. அவரை நம்பியிருந்த சிலரும் அன்றோடு விலகினர்.

கதவுக்கு வெளியே ஓர் இரவு

1839 ஆம் ஆண்டின் குளிர்காலம். கந்தகங் கலந்த றப்பர்த் துண்டொன்று சூடேறிய இரும்பு அடுப்பின்மேல் தற்செயலாகப் பட்டது. உருகி வழிந்திருக்க வேண்டிய பொருள் உருகவில்லை. தோலைப்போலக் கருகிற்று. அருகில் நின்றவர்கள் அதனை ஒரு பொருட்டாக எண்ணவில்லை. ஆண்டுக்கணக்காக றப்பர் உருகுவதையே கண்டு நொந்திருந்த ஒருவருக்கு மாத்திரமே அதன் பொருள் விளங்கிற்று. கருகிய பகுதிக்கும் கருகாத பகுதிக்கும் இடையிலே ஒரு மெல்லிய விளிம்பு, பசையுமின்றிக் கருக்கமுமின்றிச் செவ்வையாகப் பதப்பட்டிருந்தது.

அதன்பின் அவர் செய்த செயலே என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. வெப்பத்தை வென்றாயிற்று என்று அவர் அமைதியடையவில்லை. அத்துண்டை வெளியே கொண்டுசென்று, கடுங்குளிரிலே, கதவுக்கு வெளியே ஆணியால் அறைந்து வைத்தார். மறுநாட் காலையில் எடுத்து வளைத்துப் பார்த்தார். முன்னைய றப்பர் எதுவாயினும் மரத்துண்டுபோல விறைத்திருக்கும். இதுவோ முதல்நாள் எவ்வாறிருந்ததோ அவ்வாறே வளைந்தது. உலகத்து முதலாவது குளிர்காலத்து றப்பர்ச் சோதனை அதுவே என்று நான் கருதுகின்றேன். அன்று காற்றடைத்த டயரும் இல்லை, மோட்டார் வண்டியும் இல்லை. ஆயினும் இன்று வடநாட்டுப் பனிப் பாதைகளிலே டயர்களைச் சோதிப்போர் கேட்கும் கேள்வி அவர் கேட்ட அதே கேள்விதான்: குளிரிலே இது வளையுமா, விறைக்குமா?

கண்டது ஒரு விளிம்பை மாத்திரமே. எத்துணைச் சூடு, எத்துணை நேரம், எவ்வளவு கந்தகம் என்பன தெரிய இன்னும் ஐந்தாண்டுகள் சென்றன. அவ்வாண்டுகளே அவர் வாழ்விற் கொடியவை. அயலவரின் அப்ப அடுப்புகளையும் கொல்லர் உலைகளையும் வேலை முடிந்தபின் இரந்து பயன்படுத்தினார். வீட்டுத் தளபாடங்கள் விற்கப்பட்டன. பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களும் விற்கப்பட்டன. பனிப்புயலிலே பல மைல் தூரம் நடந்து, அறிமுகமான ஒருவரிடம் கடன் கேட்டு வீட்டுக்கு விறகும் உணவும் கொண்டுவந்த நாளும் உண்டு. இரண்டு வயது மகன் ஒருவன் அக்காலத்தில் இறந்தான். அடக்கஞ் செய்யவும் கையிற் பணமிருக்கவில்லை.

இவ்விடத்திலே நான் சற்றுத் தயங்குகின்றேன். குட்இயரைப் பற்றி எழுதுவோர் இத்துன்பங்களை அவருடைய பெருமைக்கு அணிகலன்களாக அடுக்குவர். துன்பத்தைத் தெரிந்து ஏற்றவர் அவர். கிளாரிசாவும் பிள்ளைகளும் அதனைத் தெரிந்து ஏற்றவர்களா? அவ்வம்மையார் என்ன எண்ணினார் என்பதைக் கேட்டெழுத எவரும் முன்வந்திலர். நாம் இன்று அனுபவிக்கும் ஒரு வசதியின் விலையிலே அந்தப் பள்ளிப் புத்தகங்களும் அந்தச் சிறுவனும் அடங்குவர் என்பதை மறத்தல் நன்றன்று.

முடிவில், ஏறக்குறைய 270 பாகை பரனைற் வெப்பமுள்ள அழுத்த நீராவியிலே சில மணிநேரம் வைத்தால் றப்பர் முழுவதும் ஒரே சீராகப் பதப்படும் என்று கண்டார். 1844 ஆம் ஆண்டு ஜூன் 15 ஆம் நாள் அதற்கான அமெரிக்கக் காப்புரிமை அவருக்கு வழங்கப்பட்டது. அதன் இலக்கம் 3,633.

இடியப்பத்து இழைகள்

அடுப்பிலே நிகழ்ந்தது யாது என்பதைக் குட்இயர் தாமும் அறிந்தவரல்லர். பிற்காலத்து விஞ்ஞானிகளே அதனை விளக்கினர். றப்பரின் மூலக்கூறுகள் மிக நீண்ட சங்கிலிகள். ஒரு தட்டு இடியப்பத்தை நினைத்துக்கொள்வோமாயின் விடயம் எளிதில் விளங்கும். இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, ஆனால் கட்டப்பட்டில்லை. வெப்பம் மிகுந்தால் இழைகள் ஒன்றையொன்று வழுக்கிச் செல்லும், அதுவே உருகுதல். குளிர் மிகுந்தால் இழைகள் அசைவிழந்து ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும், அதுவே விறைத்தல். கந்தகம் சூட்டிலே இழைக்கும் இழைக்கும் இடையே ஆங்காங்கு சிறு பாலங்களைக் கட்டிவிடுகின்றது. பாலம் இருப்பதால் இழைகள் வழுக்கியோட மாட்டா. பாலங்கள் இடையிடையே மட்டும் இருப்பதால் இழைகள் அசையவும் முடியும். அவை ஒழுங்காக அடுக்குவதற்கும் பாலங்கள் தடையாகின்றன. ஒரே முடிச்சு இரண்டு பருவங்களையும் வென்றது.

அவ்வாறாயின் என் பெறாமகனுடைய கார் வழுக்கியது ஏன்? குட்இயர் வென்ற குளிரை மீண்டும் உள்ளே அழைத்தவர் யார்? வேகத்தை விரும்பிய நாமேதான் அழைத்தோம். இயற்கை றப்பர் உறைநிலைக்குக் கீழே வெகுதூரம் வரை வளையுந் தன்மையது. ஆனால் மிகு வேகத்திற் செல்லும் காரின் டயர் மிகவும் சூடேறும். வளைவுகளிலே வீதியை இறுகப் பற்றவும் வேண்டும். அதன்பொருட்டுச் செயற்கை றப்பர் வகைகளையும் பிசின்களையும் கரித்தூள், சிலிக்கா முதலியவற்றையும் கலந்து, வெம்மையிலே சிறப்பாகப் பற்றும் கலவைகளை ஆக்கினர். அக்கலவைகள் குளிரில் விரைவாக விறைக்கும். ஏறக்குறைய 7 செல்சியஸ் பாகைக்குக் கீழே கோடைகாலத்து டயரின் பிடி தளரத் தொடங்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கார் எவ்வளவுக்கு வேகமுடையதோ, அதன் கோடை டயர் அவ்வளவுக்குக் குளிரிலே பயனற்றதாகும். முன்னூறு குதிரைவலு இருந்தாலும் வீதியோடு உறவாடுவது சக்கரம் ஒவ்வொன்றின் கீழும் உள்ளங்கையளவான றப்பர் மாத்திரமே.

வேகக் காருக்குக் குளிர்காலத்து டயர்

குளிர்காலத்துக்கென்றே தனி டயர் வேண்டும் என்பதை முதலில் உணர்ந்து செய்தவர் பின்லாந்து நாட்டவர். அங்கே 1934 இல் பாரவண்டிகளுக்கும், 1936 இல் கார்களுக்கும் பனிக்கால டயர்கள் செய்யப்பட்டன. இன்றைய குளிர்காலத்து டயர், குளிரிலும் இளகிய தன்மை மாறாத கலவையால் ஆனது. அதன் மேற்பாளங்களிலே நுண்ணிய கீறல்கள் நூற்றுக்கணக்கில் வெட்டப்பட்டிருக்கும். சக்கரம் உருளும்போது அக்கீறல்கள் விரிந்து பனியைக் கௌவிப் பிடிக்கும்.

என் பெறாமகனுக்கு நான் எழுதிய முடிவுகளை, வெளிநாடுகளிலே உறவினரை உடைய நேயர்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கே தருகின்றேன். முதலாவதாக, டயரின் பக்கத்திலே மூன்று சிகரங்களையுடைய மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் வரைந்த அடையாளம் இருத்தல் வேண்டும். பனியிலே சோதிக்கப்பட்டுத் தேறியது என்பதற்கு அதுவே சான்று. சேறும் பனியும் என்பதைக் குறிக்கும் எழுத்துகள் மட்டும் இருப்பது போதாது. ஜேர்மனியில் உறைபனியும் வெண்பனியும் உள்ள வீதிகளிலே செல்ல, 2024 ஒக்டோபர் முதல், மலையடையாளம் உள்ள டயர்களையே சட்டம் ஏற்கின்றது.

இரண்டாவது, அளவு. வேகக் கார்களின் அகன்ற டயர் பனிமேல் மிதக்கப் பார்க்கும். ஒடுங்கிய டயர் பனியைப் பிளந்து கீழே அழுத்தும். ஆகவே காரின் பத்திரங்கள் அனுமதிக்கும் அளவுகளுள் ஒடுங்கியதையும், சிறிய சக்கரத்தோடு உயர்ந்த பக்கச்சுவர் உடையதையும் தெரிவது நன்று. ஆனால் இத்தகைய கார்களின் பிறேக்குகள் பெரியன. சிறிய சக்கரம் அவற்றின்மேல் அமையுமா என்பதை முன்னரே பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, வேக எழுத்து. ஒவ்வொரு டயரும் தாங்கும் உச்ச வேகத்தை ஓர் எழுத்தால் குறிப்பர். எச் என்பது மணிக்கு 210 கிலோமீற்றரையும், வீ என்பது 240 ஐயும், டபிள்யூ என்பது 270 ஐயும் காட்டும். குளிர்காலத்து டயரின் எழுத்து காரின் உச்ச வேகத்துக்குக் குறைவாக இருப்பதையும் ஜேர்மனியச் சட்டம் பொறுத்துக்கொள்கின்றது. அவ்வெல்லையைச் சாரதியின் கண்முன் எழுதி ஒட்டவேண்டும் என்பதே நிபந்தனை. எழுதி ஒட்டியதை மதித்து ஓட்டவும் வேண்டும் என்று நான் சேர்த்து எழுதினேன்.

நான்காவது, நான்கு சக்கரங்களுக்கும் ஒரே வகை டயரைப் பூட்டுதல் வேண்டும். உந்தும் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும் பூட்டினால், புறப்படும் கார் திரும்பவும் நிற்கவும் மாட்டாது. நான்கு சக்கரங்களும் உந்தும் காரென்று இறுமாந்திருப்பதும் தவறு. அவ்வமைப்பு புறப்பட உதவுமேயன்றி நிற்க உதவாது. ஐந்தாவது, தவாளிப்பின் ஆழம் 1.6 மில்லிமீற்றர் என்பது சட்டத்தின் எல்லையாயினும், பனிக்கு 4 மில்லிமீற்றராவது இருத்தல் நலம். ஆறாவது, குளிரிலே காற்று சுருங்கும். வெப்பநிலை பத்துப் பாகை குறைந்தால், சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை இறாத்தல் அமுக்கம் குறையும். ஆகையால் குளிர் தொடங்கும்போது காற்றை அளந்து பார்த்தல் வேண்டும்.

வேனில் மீண்டதும் இவற்றைக் கழற்றிவிட வேண்டும். குளிருக்கென்று இளக்கிய கலவை வெம்மையிலே விரைவில் தேயும். கார் நிற்கும் தூரமும் நீளும். இரண்டு பருவத்துக்கும் ஒன்றே சிறந்தது என்று இன்றுவரை எவரும் காணவில்லை. குட்இயர் கட்டிய பாலம் இரு கரைகளையும் இணைத்தது உண்மை. ஆனால் எந்தக் கரையிலே நிற்பது என்பதை மனிதனே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கின்றது.

வென்றவர் பெற்றது

இனிக் குட்இயரிடம் மீள்வோம். காப்புரிமை கிடைத்தது; செல்வம் கிடைத்ததா? அவர் அனுப்பிய மாதிரித் துண்டுகளைக் கண்டு ஆராய்ந்த தோமஸ் ஹன்கொக் என்னும் ஆங்கிலேயர், இங்கிலாந்திலே அவருக்கு முன்னதாக, 1843 இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். ஹன்கொக்கும் பல்லாண்டு றப்பரோடு பழகிய அறிஞர்தாம். இங்கிலாந்தில் வழக்காடிய குட்இயர் தோற்றார். தம் நாட்டிலே உரிமையை மீறியோர்மீது வழக்குத் தொடுத்தார். 1852 இல் ட்ரென்டன் நகரிலே, ஹொறஸ் டே என்பவருக்கு எதிரான பெருவழக்கில், புகழ்பெற்ற டானியல் வெப்ஸ்டர் அவருக்காக வாதாடி வென்றார். வென்ற உரிமைகளையும் அவர் குறைந்த விலைக்குப் பிறருக்கு விட்டுக்கொடுத்தார். பணம் வந்த வழியே புதிய சோதனைகளுக்குப் போயிற்று.

1851 இல் இலண்டனில் நிகழ்ந்த பெருங் கண்காட்சியிலும், 1855 இல் பாரிஸ் நகரத்துக் கண்காட்சியிலும் றப்பரினாலேயே மண்டபங்கள் அமைத்து, தளபாடம் முதல் நகைகள் வரை றப்பராற் செய்து காட்டினார். உலகம் வியந்தது. இரண்டு கண்காட்சிகளுக்கும் இடையே, 1853 இல், கிளாரிசா அம்மையார் காலமானார். பாரிஸ் கண்காட்சி முடிந்த அதே 1855 ஆம் ஆண்டின் டிசெம்பர் மாதத்தில், பிரான்சிலே கடனுக்காகக் கிளிஷிச் சிறையில் அடைக்கப்பட்டார். மூன்றாம் நெப்போலியன் அவருக்கு வழங்கிய உயரிய விருது சிறைக்குள்ளேயே அவர் கையை வந்தடைந்தது. அரசனின் பதக்கமும் கடன்காரர் சிறையும் ஒருங்கே வாய்த்த அந்தக் காட்சியிலும் அவர் வாழ்வைச் சுருங்கச் சொல்லக்கூடியது வேறில்லை.

1860 ஆம் ஆண்டில், நோயுற்றிருந்த மகளைக் காண நியூ ஹேவனுக்குப் புறப்பட்ட அவர், நியூயோர்க்கை அடைந்தபோது, மகள் இறந்துவிட்டாள் என்ற செய்தியைக் கேட்டார். தளர்ந்து வீழ்ந்தவரை ஒரு விடுதிக்குக் கொண்டுசென்றனர். ஜூலை மாதம் முதலாம் நாள் அங்கே உயிர் நீத்தார். அவர் விட்டுச் சென்ற கடன் ஏறக்குறைய இரண்டு இலட்சம் டொலர்.

அவர் இறந்து பதினாறு ஆண்டுகளின் பின், 1876 இல், ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்நாற்றுகளில் ஏறக்குறைய 1,900 இலங்கைக்கு அனுப்பப்பட்டு ஹேனரத்கொடைத் தோட்டத்திலே நடப்பட்டன. 1888 இல் பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லொப் தம் மகனுடைய முச்சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயரைச் செய்தார். பின்னர் மோட்டார் வண்டி பெருகிற்று. உலகம் றப்பருக்கு அலைந்தது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளிலே றப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அங்கே விடியற்காலையில் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளரும் இந்தக் கதைக்கு உரியவர்களே. அவர்களும் குட்இயரைப் போலவே தாம் உண்டாக்கிய செல்வத்தைத் தாம் கண்டவரல்லர்.

குட்இயர் தம் கண்டுபிடிப்பைத் தற்செயல் என்று பிறர் சொன்னதை ஏற்கவில்லை. தேடுகின்றவனுக்கே தற்செயலும் உதவும் என்பது அவர் கொள்கை. அடுப்பிலே பட்ட துண்டை ஒருவேளை எவரும் கண்டிருக்கலாம். ஆனால் அதனைக் கடுங்குளிரிலே கதவுக்கு வெளியே அறைந்துவைத்து, விடியும்வரை காத்திருந்து, நல்லதென்று தாம் நம்பிய பொருளையும் மிகக் கொடிய பருவத்திலே சோதித்துப் பார்க்கும் நேர்மை எல்லோரிடமும் அமைவதில்லை. தம் மக்னீசியாச் சப்பாத்தின் குறையையும் சுண்ணாம்பு றப்பரின் குறையையும் மறைத்திருந்தால் அவர் சிலகாலம் செல்வராக வாழ்ந்திருக்கலாம். அவ்வாறு செய்தாரல்லர். பனி படிந்த சரிவிலே ஒரு கார் பிறேக்குக்கு அடங்கி நிற்குமாயின், அதன் முன்னால் வீதியைக் கடக்கும் குழந்தை ஒன்று தப்புமாயின், அந்த நேர்மையிலும் அதற்கொரு பங்குண்டு என்பதே நான் கண்ட முடிவு.